சொல்லிவிட்டுக் குத்துபவள்

பூதச் சண்டை விளையாட்டில் எது கஷ்டம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நெருப்புப் பூதத்தை நீர்ப் பூதம் அணைக்கும், நீரைப் பாசிப் பூதம் உறிஞ்சும், பாசியை நெருப்பு பொசுக்கும் என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி நீளமாக ஒன்று இருக்கிறது, அதை மனப்பாடம் பண்ணுவதுதான் கஷ்டம் என்பார்கள் புதிதாக வந்தவர்கள். அதெல்லாம் சும்மா. மண்டையில் களிமண் கொஞ்சம் குறைவாக இருந்தால் தானாக வந்துவிடும். அடி வாங்குகிற பூதத்தை வீம்புக்கு நிறுத்திவைக்காமல் பின்னால் இழுத்துக்கொள்ளக் கற்பது அதைவிடக் கஷ்டம். ஆசையாக வளர்த்த பூதம் ஒன்றைப் பலி கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றக் கற்பது இன்னும் கஷ்டம், இதில் அழுதவர்கள் உண்டு. ஆனால் ஊசியக்காவுக்கு எது கஷ்டமாக இருந்தது என்பதை எந்தக் கெட்டிக்காரனும் எந்த வீடியோவிலும் சொல்லித் தந்ததில்லை. அவளுக்கு வாயை மூடிக்கொண்டு அடிக்க வரவில்லை.

ஊசியக்கா ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். தொழிலுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் ஊசியக்காதான். வருகிறவரை உட்காரவைத்து, மேல் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, விரல்களை மடக்கச் சொல்லி, நரம்பை ஆள்காட்டி விரலால் தட்டி எழுப்புவாள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரண்டு தரம் துடைப்பாள். பிறகு, "சுருக்குனு ஒரு குத்து, அவ்ளோதான்" என்பாள். சொல்லி முடிப்பதற்கும் ஊசி இறங்குவதற்கும் சரியாக இருக்கும். எடுத்தானதும், "முடிஞ்சுது. பஞ்சை அழுத்திக் கையை மடக்கிக்கோங்க" என்பாள். நாளெல்லாம் இதே இரண்டு வசனம். இதைச் சொல்லாமல் அவள் ஒருத்தரையும் குத்தியதில்லை. சொல்லாமல் குத்தினால் ஆள் துள்ளுவார், துள்ளினால் நரம்பு தப்பும், தப்பினால் இன்னொரு முறை குத்த வேண்டும். அது அவளுக்குப் பாவம் மாதிரி.

எடுத்த ரத்தத்தைக் குழாய் குழாயாக ஒரு இயந்திரத்தில் அடுக்கிச் சுழலவிட வேண்டும். அது சுழன்று நிற்கும்வரை பக்கத்தில் சும்மா நிற்பதும் அவள் வேலைதான். அந்தச் சும்மாவில்தான் பூதங்கள் நுழைந்தன. போனை எடுத்தால் உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் சண்டைக்கு வருவார். ஆளுக்கு ஆறு பூதம். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ரகசியமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அடிப்பதா, தடுப்பதா, களத்தில் நிற்பதை உள்ளே இழுத்து வேறொன்றை விடுவதா என்று. இரண்டு பேரும் தேர்ந்ததும் ஒரே நேரத்தில் நடக்கும். எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் விளையாட்டின் உயிர்.

மோப்பம் பிடிப்பதில் ஊசியக்கா கெட்டிக்காரி. சட்டைக் கையை ஒருவர் சுருட்டும் விதத்தை வைத்தே மயங்கி விழப்போகிறவரைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? மளமளவென்று தரவரிசையில் ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் போனைப் பார்த்து "சுருக்குனு ஒரு குத்து" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. எங்கேயோ இருந்த எதிராளிக்கும் கேட்கவில்லை. இயந்திரத்துக்குக் கேட்டது, அது யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருவோம். இரண்டு அறை, ஒரு ஹால். ஒரு அறைக்கு ஜன்னல் கிடையாது, அதில் கணவரின் தராசுகள் குடியிருந்தன. அவர் தராசு பழுதுபார்ப்பவர். கடைகளிலிருந்து கொண்டுவந்த தராசும் எடைக்கல்லும் தரையிலிருந்து கூரைவரை. இன்னொரு அறைக்கு ஜன்னல் உண்டு, அது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவரின் தங்கை ஒரு சின்னப் பையோடு வந்து நின்றாள். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்றாள். விருந்தாளிக்கு நல்ல இடம் கொடுப்பதுதானே மரியாதை? ஜன்னல் அறையைக் கொடுத்துவிட்டு இவர்கள் ஹாலுக்கு வந்தார்கள். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். கணவர் படுத்ததும் செத்த பிணம், அவருக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான். ஊசியக்காவின் தலைமாட்டில் ஃப்ரிட்ஜ். பகலில் தெருச் சத்தத்தில் அது இருப்பதே தெரியாது. ஊர் அடங்கியதும் பள்ளத்தில் விழுந்த லாரி மாதிரி ஒரு உதறு உதறி நிற்கும். கண் செருகும் நேரம் பார்த்து மறுபடி உதறும்.

இதை நாத்தனாரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் குத்துகிறவளுக்கு வீட்டில் மட்டும் வாய் வரவில்லை. "ஹால்ல காத்தே வரமாட்டேங்குது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். "ஜன்னல் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லுவாள். நாத்தனார் ரயில் நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு கவுன்ட்டரில் இருப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் கெஞ்சுவதையும் திட்டுவதையும் பார்த்துப் பார்த்து அவள் முகம் மரத்துப்போயிருந்தது. சிரிப்பு, கோபம், சந்தேகம் எதுவும் அதில் ஒட்டாது. கல்லுளிமங்கி. ஜன்னல் பேச்சு வந்தால் "ம்" என்பாள். கணவரிடம் முறையிட்டால் அவர் தராசு முள் மாதிரி நட்டநடுவில் நிற்பார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்பார். இருபது கிலோ கல்லைத் தூக்கி அவர் தட்டில் போட்டாலும் அந்த முள் அசையாது.

நாத்தனாரும் பூதம் வளர்க்கிறாள் என்று தெரிந்தது தற்செயலாகத்தான். கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் நின்றுபோகும் நேரமெல்லாம் அவளும் இதையே ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் இரண்டு போனிலிருந்தும் ஒரே பூத உறுமல் வந்தபோது குட்டு உடைந்தது. ஊசியக்கா பாதி விளையாட்டாகவும் முழு ஆசையாகவும் கேட்டுவிட்டாள், ஒரு ஆட்டம் போடலாமா, ஜெயிக்கிறவளுக்கு ஜன்னல் அறை என்று. நாத்தனார் யோசித்தாளா இல்லையா என்று அந்த முகத்தில் எப்படித் தெரியும்? "சரி அண்ணி. ஆனா நேருக்கு நேர் உக்காந்து ஆடணும்" என்றாள். தரவரிசையில் நாத்தனார் எங்கேயோ கீழே கிடந்தாள். ஊசியக்கா மனசுக்குள்ளேயே ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கணவர் நடுவர். இரண்டு போனையும் தராசில் வைத்து எடை பார்த்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கு அப்படிச் செய்தால்தான் நடுவர் மாதிரி இருந்தது.

ஊசியக்கா "சுருக்குனு ஒரு குத்து" என்று முனகியபடி நெருப்புப் பல்லியை ஏவினாள். நாத்தனார் தன் பாசிப் பூதத்தைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்து, நெருப்பைத் தண்ணீர் மாதிரி குடிக்கும் குளத்துப் பூதத்தை நிறுத்தியிருந்தாள். ஊசியக்கா சுதாரித்து "முடிஞ்சுது, கையை மடக்கிக்கோ" என்றபடி பல்லியை உள்ளே இழுத்தாள். உள்ளே இழுக்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்ட நாத்தனார், புதிதாக வரப்போகிற பூதத்துக்கு வாசலிலேயே ஒரு அறை விட்டாள். அடித்தால் தடுத்தாள். இழுத்தால் அடித்தாள். ஆறு பூதமும் காலி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளைக்கு வாய் திறந்திருப்பதே தெரியவில்லை. இன்னொரு ஆட்டம் வேண்டும் என்று கெஞ்சினாள். நாத்தனார் கவுன்ட்டரில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "அடுத்த ஞாயிறு இல்லை. அதுக்கடுத்த ஞாயிறு இருக்கு."

ராசியில்லை, போன் சூடாகிவிட்டது, நாத்தனாருக்கு யாரோ மந்திரம் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றெல்லாம் ஊசியக்கா புலம்பித் தீர்த்தாள். கடைசியில் கணவர், ஒரு எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "நீதான் எல்லாத்தையும் சொல்லிட்டுச் செய்யறியேம்மா."

"என்ன சொன்னேன்?"

"சுருக்குனு ஒரு குத்துன்னு."

அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று பாய்ந்தாள். நடுவர் எப்படிச் சொல்ல முடியும் என்றார் அவர்.

அன்றிலிருந்து ஊசியக்கா வாயை மூடப் பழகினாள். வீட்டில் பழகினால் போதாது, பழக்கம் பிடித்த இடத்தில்தான் அதை விடவும் வேண்டும் என்று முடிவுகட்டி நிலையத்திலேயே ஆரம்பித்தாள். முதலில் வந்து உட்கார்ந்தவர் ஒரு கசாப்புக் கடைக்காரர். தேக்கு மரம் மாதிரி ஆள். தாங்குவார் என்று நம்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் குத்தினாள். தேக்கு மரம் நாற்காலியோடு துள்ளி, தட்டிலிருந்த பஞ்சையெல்லாம் பறக்கவிட்டு, அப்படியே சாய்ந்தது. தூக்கி நிறுத்த நான்கு பேர் வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் அவர் குறைபட்டுக்கொண்டார்: "நான் ஆட்டைக்கூட தடவிக் குடுத்துட்டுத்தானேம்மா வெட்டறேன்." நிலையத்து முதலாளியம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஊசியக்காவுக்குத் திட்டு உறைக்கவில்லை, அந்த ஆடு உறைத்தது.

சரி, ரத்தத்தில் கைவைக்க வேண்டாம், மேஜையில் மட்டும் பழகுவோம் என்று கணவரை எதிரே உட்காரவைத்தாள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தாள். பேச்சு நின்றது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கட்டைவிரலால் போன் திரையை இரண்டு தரம் துடைத்தாள். பஞ்சும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, துடைப்பு மட்டும் இருந்தது. கணவர் அதைச் சுட்டிக்காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்து, வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் அப்போதுதான் சரிபார்த்து வைத்திருந்த மின் தராசின் மேல் போனது. பிறகு பொய் சொல்லிப் பார்த்தாள். "கையை மடக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும் என்பது திட்டம். நாக்கு சொன்னதை விரல் நம்பியது. சொன்னபடியே பூதத்தை உள்ளே இழுத்துவிட்டது. வாயும் கையும் இருபது வருஷமாகப் பேசிவைத்துக்கொண்டு வாழ்ந்தவை, அவற்றைப் பிரிக்க ஊசியக்காவால் ஆகவில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாத்தனார் நிலையத்துக்கு வந்தாள். ரயில்வே ஊழியர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனை. பெயர் கூப்பிட்டதும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசியக்கா ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள். கல்லுளிமங்கியின் கீழ் உதடு நடுங்கியது. கண்ணை இறுக்க மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மறு கையால் நாற்காலிக் கைப்பிடியைப் பிடுங்கிவிடுகிற மாதிரி பிடித்திருந்தாள்.

"அண்ணி, சொல்லிட்டுக் குத்துங்க" என்றாள்.

ஊசியக்கா துடைத்தாள், சொன்னாள், குத்தினாள். நாத்தனார் அசையவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசையில் யாரும் இல்லை. கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா பூட்டை மாத்தியிருந்தாங்க அண்ணி. மாமியார் மாடியில நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. அவரு போனையே எடுக்கலை. வேண்டாம்னு காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் துணிமணியாவது எடுத்துட்டு வந்திருப்பேன். வேலைக்குக் கொண்டுபோன பையோட அப்படியே அண்ணன் வீட்டுக்கு வந்தேன்."

மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் இது ஊசியக்காவுக்குத் தெரியாது. ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்திருந்தாள். அந்தச் சின்னப் பையைப் பார்த்து "பத்து நாளைக்கு இது போதுமா" என்று தான் கேட்டது நினைவுக்கு வந்து கூசியது. அதே மூச்சில், அதற்காக என் ஜன்னலா என்றும் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்? இரக்கம் ஒரு தட்டு, தூக்கமில்லாத மூன்று வருஷம் ஒரு தட்டு. முள் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் படுகிற பாடு கொஞ்சம் புரிந்தது.

ஞாயிறு வந்தது. ஊசியக்கா நிலையத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியை நீளமாகக் கிழித்து வாயின் குறுக்கே ஒட்டிக்கொண்டாள். துடைக்கிற கட்டைவிரலுக்கும் ஒரு சுற்று. கணவர் போன்களை எடை போட்டார், பிளாஸ்திரிக்கும் எடை பார்க்கலாமா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்துவைத்தார்.

வாய் அடைபட்ட ஊசியக்கா பிசாசு மாதிரி ஆடினாள். இப்போது மோப்பம் பிடிக்க நாத்தனாருக்கு ஒன்றும் இல்லை. தடுத்தால் அடி வரவில்லை, தடுப்பை எடுத்தால் அடி விழுந்தது. குளத்துப் பூதம் போனது. இரும்பு ஆமை போனது. கடைசியில் நாத்தனாரிடம் குற்றுயிராக ஒரு பாசிப் பூதமும், ஊசியக்காவிடம் நெருப்புப் பல்லியும் மட்டும் மிஞ்சின. பல்லியின் பெரும் தீ ஒன்று விழுந்தால் பாசி சாம்பல், ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்தத் தீயைக் கக்கியதும் பல்லி ஒரு சுற்று களைத்துப் படுத்துவிடும். தீ வருகிற அதே சுற்றில் பாசி கேடயத்துக்குள் ஒளிந்துகொண்டால், தீ வீணாகி, படுத்திருக்கும் பல்லியைப் பாசி நெரித்துக் கொன்றுவிடும். கேடயத்தையோ அடுத்தடுத்து இரண்டு சுற்று எடுக்க முடியாது. ஆக, தீ இந்தச் சுற்றிலா அடுத்த சுற்றிலா என்பதுதான் கேள்வி. அது தெரிந்தவளுக்கு ஜன்னல்.

ஊசியக்கா இந்தச் சுற்றுதான் என்று தீர்மானித்தாள். விரல் இறங்கப்போனது.

"அண்ணி" என்றாள் நாத்தனார். "சொல்லிட்டுக் குத்துங்க."

கவுன்ட்டர் குரல் இல்லை அது. நாற்காலியைப் பிடுங்கிய கையின் குரல். தந்திரமாகவும் இருக்கலாம், யார் கண்டது? மூன்று வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் ஜெயிப்பதற்காக ஒரு தரம் வெளியே வரமாட்டாளா? சொன்னால் கேடயம், கேடயம் என்றால் தோல்வி, தோல்வி என்றால் சாகும்வரை ஃப்ரிட்ஜ். ஊசியக்காவுக்கு ஆடும் பூட்டும் ஒன்றாக ஞாபகம் வந்தன. பிளாஸ்திரியைச் சர்ரென்று உரித்தாள். மீசை இருந்தால் போயிருக்கும், அவ்வளவு வலி.

"அந்த ஜன்னல் ரூம் எனக்கு வேணும்" என்றாள். "மூணு வருஷமா வேணும். உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரலை. நீ எங்கேயும் போக வேண்டாம், ஹால்ல இரு. பத்து நாள்னும் இனிமே சொல்லாத." பிறகு பிளாஸ்திரி சுற்றிய கட்டைவிரலால் திரையை இரண்டு தரம் துடைத்தாள். "சுருக்குனு ஒரு குத்து. அவ்ளோதான்."

நாத்தனார் திரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்துவைத்தாள். கையை மேஜையின் குறுக்கே நீட்டி, கண்ணை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கேடயம் வரவில்லை. தீ விழுந்தது. பாசிப் பூதம் புஸ்ஸென்று பொசுங்கியது.

"முடிஞ்சுது" என்றாள் ஊசியக்கா, தன்னையறியாமல். "கையை மடக்கிக்கோ."

நாத்தனார் மடக்கிக்கொண்டாள். எதற்காகத் தடுக்கவில்லை என்று கணவர் கேட்டார், நடுவர் என்ற முறையில். "சொல்லிட்டாங்கல்ல, அது போதும்" என்றாள் அவள். சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது என்று ஊசியக்கா சொல்வாள். கணவர் இரண்டு பக்கமும் வாய்ப்பு இருக்கிறது என்பார்.

அன்றே சாமான்கள் இடம் மாறின. நாத்தனாருக்கு ஹாலில் திரை கட்டி, விளக்குப் போட்டு, அலமாரியில் பாதி ஒதுக்கி எல்லாம் செய்தாயிற்று. ஊசியக்கா ஜன்னலைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் அதற்கு வெளியே என்ன இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மரம் இருந்ததாக நினைவு. பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் இறங்கும் கழிவுநீர்க் குழாயும்தான் இருந்தன. இருந்தால் என்ன, காற்று வந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

காலையில் அவள் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. தலைமுடி ஒரு பக்கமாகக் குத்திட்டு நின்றது.

"எல்லாம் சொன்னீங்க அண்ணி" என்றாள். "அந்த ஃப்ரிட்ஜைப் பத்தி மட்டும் சொல்லவே இல்லையே."

ஊசியக்காவுக்குச் சுரீரென்றது. வாழ்க்கையில் அவள் சொல்லாமல் குத்தியது இதோடு இரண்டு பேரை. முதல் ஆளாவது மயக்கம் போட்டு நிம்மதியாக ஒரு பத்து நிமிஷம் படுத்திருந்தார்.